நரம்புக் கலத்தை ஆராய்ந்த சந்தியாகோ ரமோன் கஹால் (1852 – 1934)

மாணவர்களே, தோலில் ஏற்படும் சிறு காயம் சில நாட்களில் ஆறிவிடுகின்றது. கையில் வெட்டுண்ட நரம்பும் மெதுமெதுவாக மீண்டும் வளரக்கூடியது. ஆனால் மூளையிலும் முண்ணாணிலும் அறுந்த நரம்பு நார்கள் பெரும்பாலும் மீள வளர்வதில்லை. இந்த வேறுபாடு ஏன்? இவ்வினாவை ஆராய்ந்து விடைக்கு வழிகாட்டியவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் கஹால் ஆவார்.

இளமைக் காலம்

கஹால் 1852 மே 1 ஆம் திகதி வட ஸ்பெயினில் ஒரு மலைக் கிராமத்திற் பிறந்தார். தந்தையார் சத்திர வைத்தியர். மகனும் வைத்தியராக வேண்டும் என அவர் விரும்பினார். மகனுக்கோ ஓவியத்திலேயே நாட்டம். பாடசாலையில் குழப்படிக்காரர் எனப் பெயரெடுத்தார். தாமே செய்த பீரங்கியால் அயலவரின் படலையை உடைத்து, 11 வயதிற் சிறையிலும் இருக்க நேர்ந்தது. தந்தையார் இவரைச் சவரக்கடையிலும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக விட்டார்.

1868 இல் மயானத்திற் கிடைத்த எலும்புகளைக் காட்டித் தந்தையார் உடலமைப்பைக் கற்பித்தார். எலும்புகளை வரைந்து வரைந்தே மகனுக்கு வைத்தியப் படிப்பில் விருப்பம் பிறந்தது. 1873 இல் சரகோசாவில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் இராணுவ வைத்தியராகக் கியூபா சென்று, மலேரியாவினாற் பீடிக்கப்பட்டு 1875 இல் நாடு திரும்பினார்.

நரம்புக் கலம் தனிக் கலமே

1885 இல் பரவிய கொலரா நோய் பற்றி இவர் செய்த ஆய்வுக்காகச் சரகோசா மாகாண நிர்வாகம் சிறந்த நுணுக்குக்காட்டி ஒன்றைப் பரிசளித்தது. 1887 இல், இத்தாலியரான கமில்லோ கொல்கி கண்டுபிடித்திருந்த வெள்ளிச் சாயமூட்டும் முறையை அறிந்துகொண்டார். கலப் புன்னங்கமான கொல்கி உடலுக்குப் பெயர் தந்தவரும் இந்தக் கொல்கியே. இம்முறையில் ஒரு சில நரம்புக் கலங்கள் மட்டும் கருமையாகத் தெளிவாகத் தெரியும்.

நரம்புகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்த வலை என்பது அக்காலத்துக் கருத்து. கஹால் பறவைகளினதும் இளம் விலங்குகளினதும் மூளையை ஆராய்ந்து, ஒவ்வொரு நரம்புக் கலமும் தனிக் கலமே என்பதை 1888 இல் வெளியிட்டார். 1889 இல் பேர்லின் நகருக்குத் தம் மாதிரிகளைக் கொண்டு சென்று அறிஞர்களுக்குக் காட்டினார். 1906 இல் கொல்கிக்கும் கஹாலுக்கும் நோபல் பரிசு கூட்டாக வழங்கப்பட்டது. எனினும் கொல்கி இறுதிவரை வலைக் கருத்தைக் கைவிடவில்லை.

காயமடைந்த நரம்பு

வளரும் நரம்பு நாரின் நுனியை ஏதோ ஓர் இரசாயனப் பதார்த்தம் வழிநடத்துகின்றது என 1892 இலேயே கஹால் கருதினார். 1911 இல் இவரது மாணவர் தெய்யோ, முயலின் மூளையில் புற நரம்புத் துண்டொன்றைப் பதித்தார். வளராது எனக் கருதப்பட்ட மூளை நார்கள் அத்துண்டை நோக்கி வளர்ந்தன. எனவே குறை நாரில் மட்டும் இல்லை. அதனைச் சூழ்ந்துள்ள கலங்களின் உதவி மூளையிற் போதாமையே முக்கிய காரணம் எனக் கஹால் விளக்கினார். அப்பதார்த்தத்தைப் பிரித்தெடுக்க அன்று வழியிருக்கவில்லை. 1934 ஒக்டோபர் 17 ஆம் திகதி மட்ரிட் நகரிற் காலமானார்.

பிற்காலத்தில் உறுதியானவை

1950களில் ரீத்தா லெவி மொந்தால்சினியும் ஸ்டான்லி கோகெனும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை இனங்கண்டு, 1986 இல் நோபல் பரிசு பெற்றனர். 1982 இல் பன்றியின் மூளையிலிருந்து இதனையொத்த இன்னொரு புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. புற நரம்பு காயமடைந்ததும் அதனைச் சூழ்ந்துள்ள சுவான் கலங்கள் இத்தகைய புரதங்களைச் சுரக்கின்றன. அவை நரம்புக் கலம் இறவாது காத்து, நார் வளர உதவுகின்றன. மூளையிலும் நெருக்கீட்டுக்குள்ளான கலங்கள் சில காப்புப் புரதங்களை வெளிவிடுகின்றன. எனினும் அங்கு வளர்ச்சியைத் தடுக்கும் பதார்த்தங்களும் உள்ளன.

அப்படியாயின் இப்புரதங்களை ஊசி மூலம் ஏற்றலாமே என நீங்கள் கேட்கலாம். பெரிய புரத மூலக்கூறுகள் குருதியிலிருந்து மூளைக்குள் இலகுவிற் புகமாட்டா. பாரிசவாதம், முண்ணாண் காயம் என்பவற்றாற் பாதிக்கப்பட்டோருக்காக இன்றும் ஆய்வுகள் தொடர்வது இதனாலேயே.

நினைவிற் கொள்க

• நரம்புத் தொகுதி தனித்தனிக் கலங்களால் ஆனது.
• காயமடைந்த நரம்பைச் சூழ்ந்துள்ள கலங்கள் காப்புப் புரதங்களைச் சுரக்கும்.
• மீள் வளர்ச்சி, கலத்தில் மட்டுமன்றி அதன் சூழலிலும் தங்கியுள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. நரம்புத் தொகுதி பற்றிக் கொல்கி, கஹால் ஆகியோரின் கருத்துக்கள் எவ்வாறு வேறுபட்டன?
2. 1911 ஆம் ஆண்டுப் பரிசோதனையிலிருந்து பெறப்படும் முடிவு யாது?
3. காப்புப் புரதங்களை மூளைக்கு மருந்தாகக் கொடுப்பதிலுள்ள இடர்ப்பாட்டை விளக்குக.