அஜ்மல் கான் ரோடு யார் பெயரில் இருக்கிறது? 'டாக்டர் யார்' என்ற சட்டச் சண்டையை நூறு வருஷத்துக்கு முன்பே நடத்திய ஹக்கீமின் கதை

டெல்லித் தமிழர்களுக்கு கரோல் பாக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்யாணத்துக்குத் துணி, குளிருக்கு ஸ்வெட்டர், போனுக்குக் கவர், எதுவானாலும் மெட்ரோவில் இறங்கி நேராக அஜ்மல் கான் ரோட்டுக்குள் நுழைந்துவிடுவோம். பேரம் பேசுகிற மும்முரத்தில் அந்தப் பெயர் யாருடையது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? நானும் ரொம்ப நாள் யோசித்ததில்லை.

அது ஒரு வைத்தியரின் பெயர். ஆயுர்வேத, சித்த, யுனானி டாக்டர்கள் ஆங்கில மருந்து எழுதலாமா, ஆபரேஷன் செய்யலாமா, எம்பிபிஎஸ் டாக்டருக்குச் சமமாகச் சம்பளம் கேட்கலாமா என்ற வழக்குகள் செய்தியில் வரும்போதெல்லாம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதரும் இவர்தான்.

ஹக்கீம் அஜ்மல் கான் 1868-ல் டெல்லியில் பிறந்தார். பழைய டெல்லியின் பல்லிமாரானில் இருந்த அவருடைய வீட்டின் பெயர் ஷரீஃப் மன்ஸில். தலைமுறை தலைமுறையாக யுனானி வைத்தியம் பார்த்த குடும்பம். அவரும் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். 1892 முதல் சுமார் பத்து வருஷம் ராம்பூர் நவாபின் தலைமை வைத்தியர். அரண்மனை வேலை, பரம்பரைப் புகழ், கையில் பணம். அப்படியே காலத்தைக் கழித்திருக்கலாம். 1908-ல் பிரிட்டிஷ் அரசு பட்டமும் கொடுத்தது. அதுவரை அவர் அரசோடு ஒத்துப்போகிற ஆள்தான்.

சிக்கல் சட்டத்தின் வழியாக வந்தது. 1912-ல் பம்பாயில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. 1914-ல் சென்னை மாகாணத்துக்கும் அதே மாதிரி ஒன்று. கேட்பதற்கு நியாயமான சட்டம்: போலி டாக்டர்களைத் தடுக்க ஒரு பதிவேடு, அதைப் பராமரிக்க ஒரு கவுன்சில். ஆனால் பதிவேட்டில் ஏற, மேற்கத்திய மருத்துவம் படித்த தகுதி வேண்டும். பதிவானவர் கொடுக்கும் சான்றிதழுக்குத்தான் சட்ட மதிப்பு, அவருக்குத்தான் அரசு மருத்துவமனை வேலை. வைத்தியரும் ஹக்கீமும் தொழில் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் டாக்டர் இல்லை, அவ்வளவுதான். நாட்டில் பெரும்பாலான நோயாளிகள் இவர்களிடம்தான் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும்.

இப்படி ஒரு சட்டம் வரும் என்பதை அஜ்மல் கான் முன்கூட்டியே ஊகித்திருந்தார். 1910-லேயே வைத்தியர்களையும் ஹக்கீம்களையும் ஒரே மேடையில் சேர்த்து அகில இந்திய மாநாட்டைத் தொடங்கினார். ஒரு பக்கம் பெரும்பாலும் இந்துக்கள், இன்னொரு பக்கம் பெரும்பாலும் முஸ்லிம்கள். தனித்தனியாகப் போனால் இரண்டு தரப்புமே தோற்கும் என்பது அவருடைய கணக்கு. 1911-ல் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

எதிர்ப்புத் தீர்மானம் போடுவதோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. எங்களை அங்கீகரியுங்கள் என்று அரசிடம் கேட்டவர், அங்கீகாரத்துக்கு நாம் தகுதியானவர்களா என்று தன் ஆட்களையும் கேட்டார். இந்த இரண்டாவது கேள்விதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

வைத்தியக் குடும்பங்கள் மருந்துக் குறிப்புகளை ரகசியமாகப் பொத்திவைத்த காலம் அது. அவர் ஹிந்துஸ்தானி தவாகானா என்ற மருந்து நிறுவனத்தை வளர்த்து, ஒரே தரத்தில் மருந்து தயாரித்து விற்று, லாபத்தைக் கல்விக்குத் திருப்பினார். அண்ணன் அப்துல் மஜீத் கான் தொடங்கிய சிறிய மருத்துவப் பள்ளியைக் கல்லூரியாக்க விரும்பினார். அப்போது நகரத்துக்கு வெளியே இருந்த கரோல் பாக்கில் இடம் கிடைத்தது. 1916 மார்ச் 29 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே வளாகத்தில், கூடவே நவீன உடற்கூறியலும் அறுவை சிகிச்சையும் பாடத்தில். பரம்பரை வைத்தியத்தில் வெளியிலிருந்து எதையும் கலக்கக் கூடாது என்ற லக்னோ ஹக்கீம்களுக்கு இதில் உடன்பாடில்லை. பெண்களுக்கு மருத்துவச்சிப் பயிற்சிப் பள்ளியை 1909-லேயே அவர் ஆரம்பித்திருந்தார்.

கல்லூரிக் கட்டடம் முடிவதற்குள் அரசியலே மாறிவிட்டது. ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், கிலாஃபத். 1920-ல் அரசு கொடுத்த பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். 1921 பிப்ரவரி 13 அன்று கல்லூரியைத் திறந்துவைத்தவர் காந்தி. வைஸ்ராய் அடிக்கல் நாட்டிய இடத்தை, அந்த அரசோடு ஒத்துழைக்க மாட்டேன் என்று கிளம்பிய காந்தி திறக்கிறார்! அதே விழாவில் ஹார்டிஞ்ச் தம்பதியின் படங்களையும் காந்திதான் திறந்துவைத்தார்.

காந்தி அன்று பேசியது இன்னும் சுவாரஸ்யம். நவீன மருத்துவத்தைக் கடுமையாக விமர்சித்த அவர், மேற்கத்திய விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி வேட்கையைப் பாராட்டினார். நம் வைத்தியர்களும் ஹக்கீம்களும் முன்னோர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். உள்நாட்டு வைத்தியத்துக்காகக் கட்டிய கல்லூரியின் திறப்பு விழாவிலேயே இந்தப் பேச்சு.

அதே 1921 டிசம்பரில் அகமதாபாத் காங்கிரஸுக்கு சி.ஆர்.தாஸ் தலைமை தாங்கியிருக்க வேண்டும். அவர் சிறையில் இருந்ததால் அஜ்மல் கான் அந்த இடத்துக்கு வந்தார். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தரும் அவர்தான். 1925-ல் அலிகரிலிருந்து அந்த நிறுவனத்தை கரோல் பாக்குக்கே கொண்டுவந்து, கைக்காசைப் போட்டு நடத்தினார். ஓக்லாவுக்குப் போகும் முன் ஜாமியாவின் முகவரி கரோல் பாக்தான்.

நம்ம ஊரிலும் அதே காலத்தில் அதே விவாதம். 1921-ல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் உள்நாட்டு மருத்துவத்தை ஆராய ஒரு குழு போட்டது. அதன் தொடர்ச்சியாக 1925-ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அங்கே. முதல்வர் கேப்டன் சீனிவாசமூர்த்தி மேற்கத்திய மருத்துவமும் படித்தவர்.

அஜ்மல் கான் 1927 டிசம்பர் இறுதியில் இறந்தார். அவர் உதவியோடு ஜெர்மனியில் வேதியியல் படித்துத் திரும்பிய சலிமுஸ்ஸமான் சித்திக்கி, கரோல் பாக் கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தினார். பைத்தியத்துக்கும் பாம்புக்கடிக்கும் நம் வைத்தியர்கள் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931 வாக்கில் சில வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்தார். ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் வைத்தார். புருகாடா சிண்ட்ரோம் என்ற இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனையில் பல நாட்டு இதய மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, சட்டம் என்னாச்சு? 1970-ல் நாடாளுமன்றம் இந்திய மருத்துவத்துக்கென்று தனி கவுன்சில் சட்டம் கொண்டுவந்தது. பதிவேட்டில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எல்லைக்கோடு தகராறு தொடர்ந்தது. மாநிலச் சட்டம் அனுமதித்தால்தான் ஆங்கில மருந்து எழுதலாம் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 நவம்பரில் முதுநிலை ஆயுர்வேத மாணவர்களுக்கு 58 அறுவை சிகிச்சைகளில் பயிற்சி தரலாம் என்று அறிவிப்பு வந்ததும், இந்திய மருத்துவச் சங்கம் டிசம்பர் 11-ல் வேலைநிறுத்தம் செய்தது. 2023 ஏப்ரலில் குஜராத் வழக்கில், அவசர சிகிச்சை போன்ற வேலைகளில் வித்தியாசம் இருப்பதால் ஆயுர்வேத டாக்டர்கள் எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கு இணையான சம்பளம் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவை எல்லாமே அஜ்மல் கானின் முதல் கேள்வியைச் சுற்றித்தான்: யாருக்கு என்ன உரிமை. மருந்து வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்ன அவருடைய இரண்டாவது கேள்விக்கு இந்தச் சண்டைகளில் கிடைக்கும் இடம் ரொம்பக் குறைவு என்பது என் கருத்து.

அடுத்த முறை ஒரு கிளினிக்குக்குப் போகும்போது பலகையைப் பாருங்கள். பிஏஎம்எஸ் என்றால் ஆயுர்வேதம், பியுஎம்எஸ் என்றால் யுனானி, பிஎஸ்எம்எஸ் என்றால் சித்தா. உங்களுக்கு அவர் ஆங்கில மாத்திரை எழுதிக் கொடுக்கலாமா என்பது நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.