அச்சத்தை வென்ற ஜான் பனியன்

இங்கிலாந்தில், பெட்ஃபோர்டு நகரருகே எல்ஸ்டோ என்னும் சிற்றூரில், 1628ஆம் ஆண்டு, பாத்திரம் பழுதுபார்க்கும் எளிய குடியில் ஜான் பனியன் பிறந்தார். உலகம் அக்குடியை இழிவாகவே கருதிற்று.

வறுமையினும் கொடிதாய் அவரை வாட்டியது மனக்கலக்கம். ஆண்டவர் தம்மைக் கைவிட்டாரோ என ஆண்டுக்கணக்கில் அஞ்சினார். ஒருநாள் பெட்ஃபோர்டுத் தெருவில், வாயிலில் அமர்ந்து இறையருளைக் குறித்து மகிழ்வோடு உரையாடிய ஏழைப் பெண்களைக் கண்டார். அவர்தம் சபையை நாடினார். கலக்கம் ஒரே நாளில் அகலவில்லை. சிறுகச் சிறுகத் தெளிந்தார்.

1660இல் அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகச் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லையென இசையாது 12 ஆண்டுகள் சிறையிலிருந்தார். நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார்.

1678இல் வெளிவந்த அவரது மோட்சப் பயணக் கதையில், ஐயக்கோட்டையில் அடைபட்ட பயணி, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதை உணர்ந்து விடுபடுகிறான். அஞ்சியவரே அதனை எழுதினார். இளைஞர்காள், நம் கலக்கத்தைத் தனித்துச் சுமவாது உறவோரிடம் உரைப்போம், தெளிவோம்.