பெருமூலக்கூறு கண்ட பேரறிஞர்

பருத்தியும் பட்டும், ரப்பரும் மரமும், முட்டையின் வெண்கருவும் காட்சிக்கு வெவ்வேறாயினும், அவையனைத்தும் சங்கிலிபோல் நீண்ட பெருமூலக்கூறுகளால் ஆயவை. இவ்வுண்மையை நிலைநாட்டப் பல்லாண்டு போராடிய ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1881ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் வோர்ம்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவ நூல் வல்லவர். இளமையில் தாவர நூலில் ஈடுபட்ட இவர், அதனை நன்குணர்தற்கு இரசாயனம் வேண்டுமெனக் கேட்டு அதனைப் பயிலப் புகுந்தார். 1903இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1912இல் சூரிச்சு நகரில் பேராசிரியரானார்.

அக்காலத்து அறிஞர், ரப்பர் முதலியன சிறு மூலக்கூறுகள் மெல்லிய ஈர்ப்பினால் திரண்ட கூட்டங்களே என்று கருதினர். ஸ்டாடிங்கரோ, ஆயிரக்கணக்கான அணுக்கள் உண்மையான இரசாயனப் பிணைப்பினாலேயே கோக்கப்பெற்றுள்ளன என்று 1920இல் எழுதினார். அதனை மெய்ப்பிக்க 1922இல் ரப்பருடன் ஹைட்ரஜனைச் சேர்த்தார். மாற்றார் கொள்கைப்படி அக்கூட்டம் கலைந்து, எளிதில் ஆவியாகும் சிறுபொருள் கிடைத்தல் வேண்டும். கிடைத்ததோ ரப்பரைப் போன்றே ஆவியாகாத பொருள். எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. அக்கருத்தைக் கைவிடுமாறு ஹைன்ரிக் வீலாண்டு என்னும் அறிஞரே அறிவுரை கூறினார். 1926இல் டூசல்டோர்பு நகரில் கூடிய அவையிலும் எதிர்ப்பாளரே மிகுந்திருந்தனர். ஸ்டாடிங்கர் சினந்திலர், சோதனைகளையே பெருக்கினார்.

அந்நாளில் பிறிதொரு திசையிலிருந்தும் சான்று வந்தது. சுவீடன் நாட்டு ஸ்வேட்பர்க்கு, நீரிற் கரையும் புரதங்களை மிகுவேகமாய்ச் சுழலும் கருவியில் இட்டு ஆராய்ந்தார். குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் மூலக்கூறு, ஹைட்ரஜன் அணுவினும் அறுபதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட எடையுடையதெனக் கண்டார். பெருமூலக்கூறு உண்டென்பது இங்ஙனம் வலுப்பெற்றது.

1926 முதல் பிரைபர்க்கு நகரில் பணியாற்றிய ஸ்டாடிங்கர், 1917இல் போரை எதிர்த்து எழுதியதன் பயனாக நாஜி ஆட்சியில் துன்புற்றார். 1944இல் அந்நகரின்மீது விழுந்த குண்டுகள் இவருடைய ஆய்வுக்கூடத்தையும் அழித்தன. தாவரநூல் வல்லவரான மனைவியார் மக்டா உற்ற துணையாயிருந்தார். நோபெல் பரிசு இவரை அடைந்த 1953இல் இவருக்கு அகவை எழுபத்திரண்டு. 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் உயிர்நீத்தார்.

இவர் இட்ட அடிப்படையில் எழுந்ததே இன்றைய பிளாஸ்டிக்குத் தொழில். மக்காத குப்பை பெருகுவதற்கு மருந்தும் அவ்வறிவிலேயே உளது. சங்கிலியின் பிணைப்பு எத்தகையது என்று அறிந்தாலன்றோ அது அறுமா, நிலைக்குமா என்று துணிய இயலும்! லாக்டிக் அமிலத்தால் ஆகிய சங்கிலியை நீரே மெல்ல அறுக்கும். ஆதலின் உடலினுள்ளே கரையும் தையல் நூல் செய்ய அது பயன்படுகின்றது. புரதச் சங்கிலியை நுண்ணுயிர்கள் தம் நொதிகளால் அறுத்து உண்ணும்.

பலர் கூறுவதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஒருவர் கூறுவதனாலேயே பொய்யாகிவிடவும் மாட்டாது. சோதனையே நடுவர். மாணவராகிய நாம் இவ்வரலாற்றிற் கற்கத்தக்கது இதுவேயாம்.