தத்துவெட்டியான்களை வரைந்த மனிதர்

இலங்கையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஜி. எம். ஹென்றி என்ற பெயர் தெரியும். 1955 இல் வெளிவந்த அவருடைய இலங்கைப் பறவைகள் கையேட்டை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அவர் சம்பளம் வாங்கியது பறவைகளுக்காக அல்ல. 1913 முதல் 1946 வரை, 33 ஆண்டுகள், கொழும்பு நூதனசாலையில் பூச்சிகளை வகைப்படுத்தும் பிரிவில் உதவியாளராக இருந்தவர் அவர். பூச்சிகளையும் சிலந்திகளையும் நெருங்கிப் படம்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்த நகரத்தில் ஒரு முன்னோடி உண்டென்றால் அவர்தான். அவர் கையில் இருந்தது பென்சிலும் தூரிகையும்.

ஜோர்ஜ் மொரிசன் றீட் ஹென்றி 1891 இல் மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தார். தந்தை அங்கே துரை. வீடு நிறையப் பிள்ளைகள். ஹென்றி பள்ளிக்கூடம் போகவில்லை. மூத்த சகோதரிகள் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்ததுதான் அவருடைய படிப்பு. பட்டம் ஒன்றுமில்லாமல் விஞ்ஞானியானவர். ஊடகக் கல்வியில் பட்டம் வாங்கிவிட்டுப் பத்தி எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

1907 இல், பதினைந்து பதினாறு வயதில், முத்துக் குளிப்புக் கம்பனி ஒன்றில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். மன்னார்க் கடலின் முத்துச் சிப்பிப் படுக்கைகளை 1906 இல் ஆங்கிலேய அரசாங்கம் 20 ஆண்டுக் குத்தகைக்கு அந்தக் கம்பனியிடம் விட்டிருந்தது. மரிச்சுக்கட்டி மணலில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தற்காலிக நகரம் எழும்பும். தமிழ், முஸ்லிம், அரபுச் சுழியோடிகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்வார்கள். எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் 1906 இல் அங்கே அரசாங்க அதிகாரியாக வேலை பார்த்தார். ஹென்றி சேர்ந்த 1907 தான் கடைசி நல்ல பருவம். அதற்குப் பின் சிப்பி பொய்த்தது. 1912 இல் கம்பனியே கலைக்கப்பட்டது.

அந்தக் கரையோரத்தின் பிற்காலக் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1990 இல் அங்கிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 2007 இல் பக்கத்து முள்ளிக்குளத்துத் தமிழர்கள் இடம்பெயர, அவர்களின் ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. ஹென்றியின் இளமையை வாசிக்கும்போது இந்த இடப்பெயர்களைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை.

கம்பனி மூழ்குவதற்கு முன்பே ஹென்றி கரையேறிவிட்டார். வரையும் கைத்திறன் அவரை 1910 இல் கொழும்பு நூதனசாலைக்குச் சித்திரக்காரராகக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டுகளில் பூச்சிப் பிரிவின் பொறுப்பு. அவருக்கு விருப்பமானவை வெட்டுக்கிளி இனங்கள், எங்கள் பேச்சில் தத்துவெட்டியான். இலங்கை வெட்டுக்கிளிகளைப் பற்றி நூதனசாலையின் 'ஸ்பொலியா சிலனிகா' இதழில் எழுதினார். 1940 இல் தென்னிந்திய வெட்டுக்கிளிகளைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

பூச்சியை வரைவது லேசான வேலை அல்ல. ஊசியில் குத்திக் காயவைத்தால் தத்துவெட்டியானின் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். உயிருள்ள நிறத்தை அப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மக்ரோ படம் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் தெரியும். பூச்சியை அதன் உண்மையான அளவிலேயே கமராவில் பதிக்கும் நெருக்கத்தில், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். கண் தெளிந்தால் கால் கலங்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குவியத்தை நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குகிறோம். நுண்ணோக்கியில் பார்த்து வரைபவர் இதையே கையால் செய்கிறார். காலுக்குக் குவியம் வைத்துக் காலை வரைந்து, பிறகு தலைக்கு நகர்த்தித் தலையை வரைகிறார். அடுக்கும் வேலை அவருடைய மூளையில் நடக்கிறது.

நான் படம் எடுப்பது வெள்ளவத்தை ஒழுங்கைகளின் மாமரங்களிலும் கொட்டாஞ்சேனை மொட்டைமாடிப் பூச்சாடிகளிலும். கையடக்கத் தொலைபேசியில் மாட்டும் மலிவான வில்லைதான் கருவி. மாவிலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளுக்கு நடுவில், முசுறைப் போலவே இருக்கும் குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. முன்கால்கள் இரண்டையும் எறும்பின் உணர்கொம்புபோலத் தூக்கிக்கொண்டு நடக்கும். கால்களை எண்ணினால்தான் பிடிபடும். பஸ்ஸில் ஏறுமுன் பொட்டை அழித்து, இறங்கும்வரை தமிழில் வாய் திறக்காமல் வந்த பெண்களை இந்த வீதிகளில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிலந்தியை விளக்கத் தேவையில்லை. 2007 ஜூன் 7 இல் இதே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலிருந்து 300 க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்த நாட்களில் வீதியோரம் கமராவுடன் குந்தியிருந்து ஒரு தமிழர் எறும்பைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் எந்தப் பொலிஸ்காரர் நம்பியிருப்பார்? சின்னதை நின்று பார்க்கவும் ஒரு உரிமை வேண்டியிருக்கிறது. துரை வீட்டுப் பிள்ளைக்கு அது கேளாமலே கிடைத்தது. அதே தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக ஹென்றியின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். டபிள்யூ. ஈ. வெயிற்றுடன் சேர்ந்து 1927 முதல் வெளியிட்ட பறவைகளின் வண்ணப்படத் தொகுதி பெரிய வேலை. 1946 இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து போய், அங்கிருந்து எழுதிய கையேட்டில் பறவைகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தார். எங்கள் பெயர்கள் விடுபட்ட எத்தனையோ புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. தத்துவெட்டியான்களுக்கும் சிலந்திகளுக்கும் அப்படியொரு தமிழ்ப் பட்டியலை அவர் விட்டுச் செல்லவில்லை.

ஹென்றி காலமானது 1983 இல். தன் வாழ்க்கையை அவர் எழுதிய நூல் 2000 இல்தான் அச்சேறியது. அதன் ஆங்கிலத் தலைப்பு முத்தில் தொடங்கி ஓவியத்தில் முடிகிறது. முசுறைப் போன்ற அந்தச் சிலந்திக்கு உங்கள் ஊரில் ஏதாவது பெயர் இருந்தால் எழுதி அனுப்புங்கள். எங்கள் மாமரத்தடியில் பிள்ளைகள் அதைக் கள்ள முசுறு என்கிறார்கள்.