தலைவர்களை ஆக்கிய தலைவர்

தாம் புகழ்பெற வாழ்வோர் பலர். பிறரைப் புகழ்பெறச் செய்து மகிழ்வோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்கப் படைத்தலைவர் ஜார்ஜ் மார்ஷல்.

இவர் 1880 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் யூனியன்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். வர்ஜீனியா இராணுவக் கல்லூரியில் பயின்று, 1902 இல் படைப்பணி ஏற்றார். முதல் உலகப்போரின்போது, 1917 இல், பிரான்சு நாட்டில் பணிபுரிந்தார். ஒருநாள் தலைமைத் தளபதி பெர்ஷிங், மார்ஷலின் மேலதிகாரியைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டார். அது முறையன்று எனக் கண்ட மார்ஷல், அகலமுயன்ற பெர்ஷிங்கின் கையைப் பற்றி நிறுத்தி, உண்மை நிலையை எடுத்துரைத்தார். அவர் பதவி போயிற்றென்றே உடனிருந்தோர் அஞ்சினர். பெர்ஷிங்கோ அவரை வெறுத்தாரல்லர். அன்று முதல் அவர் கருத்தை விரும்பிக் கேட்டார். பின்னர்த் தம் துணையதிகாரியாகவும் அமர்த்திக்கொண்டார்.

1927 இல் மார்ஷலின் அன்பு மனைவி எலிசபெத் காலமானார். மக்கட்பேறும் இல்லாத அவர் தனிமையில் வாடினார். அத்துயரைக் கடமையில் ஆழ்த்தி, பென்னிங் கோட்டைக் காலாட்படைப் பள்ளியில் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். பள்ளி வகுத்த விடைக்கு மாறாயினும், மாணவர் தம் அறிவால் கண்ட புதிய விடையை வகுப்பினர்க்கு எடுத்துக்காட்டுமாறு ஆணையிட்டார். அங்குக் கற்றோரும் கற்பித்தோருமாக ஏறத்தாழ 200 பேர் பிற்காலத்தில் தளபதிகளாயினர்.

1930 இல் காத்தரின் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவருடைய மக்கள் மூவரையும் தம் மக்களாகவே போற்றினார். இளையவன் ஆலனிடம் அவருக்குப் பேரன்பு உண்டாயிற்று.

1939 செப்டம்பர் முதல் நாள், இரண்டாம் உலகப்போர் மூண்ட அன்றே, மார்ஷல் படைத்துறைத் தலைவரானார். இரண்டு இலட்சத்திற்கும் குறைந்திருந்த தரைப்படை, 1945 இல் எண்பது இலட்சத்தைக் கடந்தது. தம் முடிவுகளை உதவியாளர் எவரும் மறுக்காதது கண்டு அவர் வருந்தினார்; குறை கூறாதவர் துணையாகார் என்பது அவர் கொள்கை. பிராட்லி, ஐசனோவர் முதலியோரின் திறமறிந்து உயர்த்தியவர் அவரே.

ஐரோப்பாவின் மீது படையெடுக்கும் பெருந்தலைமையை மார்ஷல் உள்ளூர விரும்பினார். 1943 இல் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் அவர் விருப்பத்தை வினவினார். மார்ஷலோ தமக்கென ஒன்றும் கேளாது, முடிவை அவரிடமே விட்டார். தலைநகரில் மார்ஷல் இன்றியமையாதவர் என்று கருதிய ரூசவெல்ட், அத்தலைமையை ஐசனோவருக்கு அளித்தார். தாம் வளர்த்தவர் தம்மினும் புகழ்பெறுவதை மார்ஷல் மனமுவந்து ஏற்றார்; வேண்டிய படைகளைக் குறைவின்றி அனுப்பினார்.

1944 மே 29 ஆம் நாள், இத்தாலியப் போர்முனையில் ஆலன் சுடப்பட்டு மாண்டான். அச்செய்தியை மார்ஷலே தம் மனைவிக்குச் சென்று கூறினார். எட்டு நாளில் நார்மண்டிப் படையெடுப்புத் தொடங்கியது. சில நாளில் போர்முனைகளைக் காணச் சென்றவர், ஆன்சியோவில் மகன் கல்லறை முன் நின்றார்.

போரின் கொடுமையை வீட்டிலும் கண்ட அவர், அயலுறவு அமைச்சரானபின், 1947 இல், நலிந்த ஐரோப்பாவிற்கு உதவும் திட்டத்தை வெளியிட்டார். 1948 முதல் நான்காண்டில் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் வழங்கப்பெற்றது. 1953 இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றார். 1959 அக்டோபர் 16 ஆம் நாள் மறைந்தார். அவர் விருப்பப்படியே இறுதிச் சடங்கு ஆரவாரமின்றி நடைபெற்றது.

ஒரு விளக்கால் பல விளக்குகளை ஏற்றினும் அதன் ஒளி குறைவதில்லை. மார்ஷலின் புகழும் அத்தகையதே.