நீல மாத்திரையும் சுப்பாராவும்



இந்த முறை சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதும்படி அறிவியல் டீச்சர் சொன்னாங்க. எல்லாரும் அப்துல் கலாம் ஐயா, சர் சி.வி. ராமன் என்று முந்திக்கொண்டார்கள். நான் எடுத்தது எல்லப்பிரகட சுப்பாராவ். ஏன் என்றால், அவரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் நமக்கு ஒரு நீல மாத்திரை தருவாங்க இல்லையா? போன வருஷம் பாதி நாள் நான் அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, குழாயடிக்குப் போய்த் துப்பிவிடுவேன். வயிறு புரட்டும், வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகும் என்று பெரிய பிள்ளைகள் பயம் காட்டியிருந்தார்கள். அந்த மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் 500 மைக்ரோகிராம் இருக்கிறது. அந்த வைட்டமினைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைவர்தான் சுப்பாராவ்.

அவர் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது ஆந்திராவில் இருக்கிறது, அப்போது சென்னை மாகாணம். அப்பா நோயாளி, வீட்டில் கஷ்டம். பதிமூன்று வயதில் பணம் சம்பாதிக்கப் போகிறேன் என்று காசிக்கு ஓடிப்போய், யாத்திரை வந்தவர்களுக்கு வாழைப்பழம் விற்கப் பார்த்தார். அம்மா விடவில்லை, பிடித்து இழுத்து வந்து படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவைதான் தேறினார். (கணக்கில் 38 வாங்கிய எனக்கு இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் தெம்பாக இருந்தது.)

பிறகு சென்னை மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. அந்தக் காலத்தில்தான் பெரிய துக்கம் வந்தது. ஸ்புரூ என்ற நோயில் அவருடைய இரண்டு சகோதரர்கள் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஸ்புரூ வந்தால் குடல் சத்தை உறிஞ்சாது. சாப்பிட்டாலும் பேதியாகப் போய், ரத்தம் வற்றி, ஆள் உருகிப்போவார். அதே நோய் சுப்பாராவுக்கும் வந்தது. ஆசண்ட லட்சுமிபதி என்ற ஆயுர்வேத மருத்துவர் அவரைக் காப்பாற்றினார். இங்கிலீஷ் மருத்துவம் படித்தவரை ஆயுர்வேதம் பிழைக்க வைத்தது!

கல்லூரியில் இன்னொரு சோதனை. காந்தியடிகள் சொன்னதைக் கேட்டு, ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர், அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் மாமனாரின் உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கையில் காசில்லை. பாஸ்டன் நகரத்தில் இரவில் ஆஸ்பத்திரி எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு.

1925-ல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1929-ல் ஏடிபி. நம் உடம்பில் ஓடவும் எழுதவும் சக்தி கொடுப்பது அதுதான் என்று பாடத்தில் படிக்கிறோம். ஆனால் பெயர் சொல்லிப் படிக்கவில்லை. ஹார்வர்டிலும் அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் லெடர்லே மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

ஃபோலிக் அமிலத்துக்கு நம் நாட்டோடும் தொடர்பு இருக்கிறது. 1931-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் குணமாகிறது என்று எழுதினார். அதற்குள் இருந்த பொருள் எது என்று அப்போது தெரியாது. அதுதான் ஃபோலிக் அமிலம். இலைக்கு இலத்தீனில் ஃபோலியம் என்று பெயர். கீரையிலிருந்தும் பிரித்ததால் அப்படி வைத்தார்கள். 1945-ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகச் செய்துவிட்டது. அண்ணன் தம்பியைக் கொன்ற ஸ்புரூவுக்கும் அது மருந்தானது. இந்த இடத்தை டீச்சர் சொன்னபோது எனக்குக் குழாயடி ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

இனிமேல் வருவதுதான் நான் முக்கியமாக எழுத நினைத்தது. வைட்டமின் நல்லது என்றால் யாருக்கும் எவ்வளவும் கொடுக்கலாமா? பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துவந்தார். ரத்தம் ஊற உதவும் பொருள்தானே என்று, சுப்பாராவின் ஆய்வுக்கூடம் செய்த ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. இன்னும் வேகமாக ஓடுவதுபோல் தெரிந்தது. புற்றுநோய்ச் செல்லும் அதே வைட்டமினைத் தின்று பெருகுகிறது! அப்படியானால் அதைத் தடுக்கும் பொருள் வேண்டும் என்று நினைத்தார்கள். பார்க்க ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும், ஆனால் அதன் வேலையைச் செய்யவிடாது. அமினாப்டெரின் என்ற அந்தப் பொருளைச் சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. 1948 ஜூனில் வந்த கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்குக் கொஞ்ச காலம் நன்றாக இருந்தது என்று ஃபார்பர் எழுதினார். நோய் திரும்ப வந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனாலும் அதுவரை எந்த மருந்துமே அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அதே வகையில் வந்த மெத்தோட்ரெக்ஸேட்டை இன்றைக்கும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிறார்கள்.

ஃபோலிக் அமிலத்தில் இன்னொரு விஷயம். பி12 குறைவாக இருக்கிறவர் அதை மட்டும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தம் சரியானதுபோல் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

இதைப் படித்தபோது எங்கள் பெரியம்மா மகள் அக்காவை நினைத்தேன். அக்காவுக்கு முடி கொட்டியது. யாரிடமும் கேட்காமல் மெடிக்கலில் பயோட்டின் மாத்திரை வாங்கித் தினமும் போட்டாள். பயோட்டினும் பி வைட்டமின்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். அக்கா வாங்கிய டப்பாவில் ஒரு மாத்திரைக்கு 10,000 என்று போட்டிருந்தது! தண்ணீரில் கரைகிற வைட்டமின், மிச்சம் மூத்திரத்தில் போய்விடும் என்று அக்கா சொன்னாள். போகும்தான். ஆனால் அதற்குள் அக்காவுக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. பெரியம்மா ஒரே அழுகை. நல்லவேளை, டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் வேறு என்ன மாத்திரை போடுகிறாய் என்று கேட்டார். பயோட்டினை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்துத் திரும்ப எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது. சில பரிசோதனைகளில் பயோட்டினையே ஒட்டுப்பசைபோலப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலும் அது நிறைய இருந்தால் கணக்குத் தப்பிப்போகும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையையும் இது ஏமாற்றலாம் என்று 2017-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்தது.

அதனால் ரத்தம் எடுக்கப் போகும்போது சத்து மாத்திரையானாலும் சொல்லிவிட வேண்டுமாம். டாக்டரே எழுதிக் கொடுத்தது என்றால் நாமாக நிறுத்தக் கூடாது, எத்தனை நாள் நிறுத்துவது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். பயோட்டின் குறைவு வருவதே அபூர்வம். முட்டையிலும் நிலக்கடலையிலும் அது இருக்கிறது. நம் சத்துணவு முட்டை அவித்தது, கவலை இல்லை. பலத்துக்காகத் தினமும் பச்சை முட்டை குடிக்கும் அண்ணன்கள் மட்டும் கவனிக்கவும்! பச்சை வெள்ளைக்கரு பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நமக்குத் தரும் நீல மாத்திரை அப்படி இல்லை. நம் வயதுக்கு அளந்து, வாரத்துக்கு ஒன்றுதான். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்று டீச்சர் சொன்னாங்க. வெறும் வயிற்றில் போட்டால்தான் அதிகம் புரட்டும். டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சேராது. போன வாரம் விட்டுப்போனது என்று இரண்டாகப் போடக் கூடாது. நான் இப்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரோடு விழுங்குகிறேன். முதல் வாரம் கொஞ்சம் புரட்டியது, டீச்சரிடம் சொன்னேன். இப்போது இல்லை.

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். வயது 53. அமெரிக்கா போன பிறகு ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். படித்துவிட்டு வருவார் என்றுதானே அனுப்பியிருப்பார்! அவரைப் பற்றி யாரும் அதிகமாக எழுதாதது எனக்கு வருத்தம். 1995-ல் நம் நாடு சுப்பாராவுக்குத் தபால்தலை வெளியிட்டது.

தாள் தீர்ந்துவிட்டது, எழுத்தையும் சின்னதாக்கிவிட்டேன். யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வந்ததுதான். டீச்சர் இடம் கொடுத்தால் அதை அடுத்த தாளில் எழுதுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி