ஹாரீத குலத்து எம்பெருமானார்

தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியாகத் திருப்பெரும்பூதூர் சென்று சேவிக்கும் அடியார்கள், ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் எழுந்தருளியுள்ள எம்பெருமானாரையும் கண்ணாரத் தொழுது திரும்புகின்றனர். அம்மகானுடைய குலமே அத்தலத்தில்தான் அந்தணர் குலமாயிற்று என்னும் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

பூதபுரி எனப்படும் அத்தலத்தின் புராணம் அதனைக் கூறுகிறது. சூரிய குலத்தில், அம்பரீஷனின் வழியில், யுவனாச்வன் மைந்தனாகத் தோன்றிய ஹாரீதன் என்னும் மன்னன் வேட்டைக்குச் சென்றபோது, பசுவொன்றைப் புலி பற்றியிருக்கக் கண்டான். புலியைக் கொல்லவேண்டி அம்பு எய்தான். பசுவும் உடன் மாண்டது. பசுவதைப் பாவம் தீர வசிட்ட முனிவர் காட்டிய வழியே பூதபுரி அடைந்து, அநந்தசரஸில் நீராடித் தவம் இயற்றினான். பெருமான் காட்சி தந்து, பாவத்தைப் போக்கியதோடு அந்தணனாகும் பேற்றையும் அருளினான் என்பது வரலாறு.

இதனை வெறுங்கதை என்று தள்ளுவதற்கில்லை. ஏழு முனிவரையும் அகத்தியரையும் முதலாகக் கொண்டவை அந்தணர் கோத்திரங்கள் என்பது பொது வழக்கு. ஹாரீத கோத்திரத்தாரோ பெரியோரை வணங்கித் தம் குலம் உரைக்கையில் ஆங்கிரசர், அம்பரீஷர், யுவனாச்வர் என மூவரைச் சொல்கின்றனர். பின்னிருவர் அரசர்! அரச மரபினின்று ஆங்கிரச ஹாரீதர் தோன்றியதை விஷ்ணு புராணமும் குறிப்பிடுகிறது. நாள்தோறும் சொல்லும் குலமுறையிலேயே, அந்தணர் ஆனவரின் வரலாறு ஒளிந்திருக்கின்றது.

இக்குலத்தில் ஆசூரி கேசவ சோமயாஜிக்கும் காந்திமதி அம்மையாருக்கும், 1017-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் இளையாழ்வார் திருவவதாரம் செய்தருளினார். அக்காலத்தில் அந்தணர் என்பது பிறப்பால் மட்டும் அமைந்த நிலையன்று. நிலமும் சபையும் கல்வியும் அதனோடு பிணைந்திருந்தன. படப்பையை அடுத்த மணிமங்கலம் சோழர் கல்வெட்டுக்களில் சதுர்வேதிமங்கலம் என்றே குறிக்கப்பெறுகிறது. உத்தரமேரூர்ச் சபையில் இடம்பெற விரும்பியவர் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவராதல் வேண்டும். வயது 35-க்கும் 70-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். இத்தகைய உலகில்தான் இளையாழ்வார் வளர்ந்தார்.

அவ்வுலகின் வேலியை அவர் முதலில் உணர்ந்தது தம் இல்லத்திலேயே. பூவிருந்தவல்லியில் வைசிய குலத்துத் தோன்றி, காஞ்சிப் பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கரியம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகளிடம் அவர் பேரன்பு பூண்டார். நம்பிகள் அமுது செய்த மிச்சத்தைத் தாம் உண்ண விழைந்து அவரை இல்லத்துக்கு அழைத்தார். அழைத்துவர இவர் ஒரு தெருவால் செல்ல, நம்பிகள் வேறொரு தெருவால் வந்து, அமுது செய்து, கைங்கரியத்துக்கு நேரமாயிற்றென்று விரைந்து சென்றுவிட்டார். மனைவியார் தஞ்சமாம்பாள் இலையைக் கோலால் தள்ளி எறிந்து, இடத்தை மெழுகி, நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார். அம்மையாரைப் பழிப்பதில் பயனில்லை. தம் குலம் கற்பித்ததையே அவர் செய்தார். இளையாழ்வார் இழந்ததோ எளிதில் கிட்டாத பேறு.

பின்னர் மதுராந்தகத்தில் பெரிய நம்பிகளிடம் ஐந்து சம்ஸ்காரங்களும் பெற்றார். ஆசாரியரும் அவர்தம் தேவியாரும் காஞ்சியில் இவரில்லத்திலேயே தங்கியிருந்த காலத்தில், கிணற்றடியில் ஆசாரிய பத்தினியின் குடத்து நீர்த்துளி தஞ்சமாம்பாளின் குடத்தில் வீழ்ந்தது. தம் குலமே உயர்ந்ததென்று அம்மையார் கடிந்துகொள்ள, நம்பிகள் சொல்லாமலே திருவரங்கம் சென்றுவிட்டார். இம்முறை இருவருமே அந்தணர், அந்தணருள்ளும் ஏற்றத்தாழ்வு! இதன்பின் இளையாழ்வார் இல்லறம் துறந்தார். ஆயினும் குடுமியையும் பூணூலையும் களையாமல், முக்கோல் ஏந்திய துறவியானார். அத்வைதத் துறவியர் களைந்துவிடும் அவ்வடையாளங்களை வைணவத் துறவியர் இன்றும் தாங்குகின்றனர்.

திருவரங்கத்தில் மற்றொரு நிகழ்ச்சி. ஆளவந்தாரின் திருவடி பெற்ற மாறனேரி நம்பி, தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குலத்தவர். அவர் திருநாடு அலங்கரித்தபோது, அந்தணருக்கே உரிய ஈமக்கடன்களைப் பெரிய நம்பிகள் தம் கையால் செய்தார். ஊரார் அவரை விலக்கிவைத்தனர். எம்பெருமானார் காரணம் வினவ, சடாயுவுக்கு இராமபிரானும் விதுரருக்குத் தருமபுத்திரரும் செய்ததைச் சுட்டி, தாம் அவர்களினும் உயர்ந்தவரல்லர் என்பதை நம்பிகள் உணர்த்தினார். எம்பெருமானாரும் அவ்வழியே நின்றார். காவிரிக்கு நீராடச் செல்கையில் அந்தணரான முதலியாண்டான் கையைப் பற்றிச் செல்வார். நீராடித் தூயவராய்த் திரும்புகையில் மல்லர் மரபினரான பிள்ளை உறங்காவில்லி தாசர் கையைப் பற்றி வருவார். அந்தணச் சீடர் முணுமுணுத்தனர்; அவர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

எனினும், அவர் வருண முறையையே அழித்தார் என்பது மிகை. ஸ்ரீபாஷ்யத்தில், வேதம் ஓதிப் பிரம்ம வித்தை பயிலும் உரிமை உபநயனம் பெற்றோர்க்கே உரியது என்று அவரும் நிறுவினார். கல்வியில் வேலியை வைத்தார்; அடியார் பெருமையில் அதனைத் தாண்டினார். மேல்கோட்டையில், ஒதுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டழைத்து, ஆண்டில் சில நாட்கள் கோயிலுக்குள் புகும் உரிமையளித்தார் என்பர். சில நாட்கள் மட்டுமே என்பதும் நினைக்கத்தக்கது.

தம்மைப் பின்பற்றி உலகை நடத்த 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்த அவர், 1137-ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் பரமபதம் எய்தினார். அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தருளப்பெற்ற, அவர் தாமே உகந்த திருமேனி, ஹாரீதன் தவம் செய்த திருப்பெரும்பூதூரில் இன்றும் சேவை சாதிக்கின்றது.